காலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ஃபிரேம்

இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிளை வாங்கப் போகிறவர் முதலில் செய்வது அநேகமாக ஒன்றுதான். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஓங்கி அழுத்துவார். பின்பக்கம் பொதுக்கென்று இறங்கி எழும். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொள்வார். நானும் அப்படி அழுத்திப் பார்த்துத் தலையாட்டியவன்தான். அந்தச் சோதனையில் தெரியவருவது, பின்பக்கத்தைத் தாங்கி அமுங்கி எழும் ஷாக் என்ற உறுப்பில் எவ்வளவு காற்று அடைத்திருக்கிறார்கள் என்பது மட்டுமே. செயினில் இழுப்பு இல்லாமல் நிற்கும்போது பின்சக்கரம் அசைவது ஒரு விதம். மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கும்போது அசைவது முற்றிலும் வேறு விதம். கிராஸ்-கன்ட்ரி ஓட்டத்துக்கு ஃபிரேம் தேடுகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம், அது கைக்கு அகப்படாது.

கிராஸ்-கன்ட்ரி என்பது ஏறுவதும் இறங்குவதும் மாறி மாறி வரும் ஓட்டம். தூரத்தில் இரண்டும் சமமாக இருந்தாலும் நேரத்தில் ஏற்றமே பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால்தான் இந்த விளையாட்டில் பின்பக்க சஸ்பென்ஷன் வெட்டிச் சுமை என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் பந்தயம் இது. 2012 லண்டன் போட்டியில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி பின்சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் தங்கம் வென்றார். 2016இல் ரியோவில் ஸ்விட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டரும், அடுத்து டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் பிரிட்டனின் டாம் பிட்காக்கும் அதே வகைச் சைக்கிளில்தான் வென்றார்கள். சுமை கூடியும் வேகம் எங்கிருந்து வந்தது?

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ. பாதையின் குறுக்கே ஒரு வேர். பின்பக்கம் விறைப்பான சைக்கிளில் உட்கார்ந்தபடியே அந்த வேரின் மேல் ஏறினால், ஏறக்குறைய மொத்த எடையும் மேலே தூக்கப்படும். 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 16 ஜூல் ஆற்றல். சஸ்பென்ஷன் இருந்தால் உயர்வது சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் கையும் மட்டும். மூன்று கிலோ என்றால் அரை ஜூலுக்குச் சற்று மேல். ஷாக்கை அழுத்தவும் ஆற்றல் போகிறது, ஆனால் வில் (ஸ்பிரிங்) விரிவதுபோல அதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். இப்போது எதிர்த்தட்டு. பின்சஸ்பென்ஷனுக்காகக் கூடுதலாக ஒரு கிலோவைச் சுமந்து 300 மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 2,900 ஜூல் செலவு. 250 வாட் சக்தியில் மிதிப்பவருக்கு அது 12 வினாடி. அந்த 300 மீட்டர் ஏற்றத்தில் எத்தனை வேர்கள், எத்தனை கற்கள் என்று எண்ணிப் பாருங்கள். விறைப்பான சைக்கிளில் 16 ஜூலும் வீணாகிவிடுவதில்லை, தேர்ந்த ஓட்டுநர் முழங்காலை மடக்கிப் பாதியை மிச்சம் பிடிப்பார் என்பது உண்மை. ஆனால் அப்படி மிச்சம் பிடிக்க அவர் எழுந்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒழுங்காக மிதிக்க முடியாது. பந்தயத்தின் இரண்டாம் பாதியில் தொடைகள் அந்தக் கணக்கைக் கேட்கும்.

ஆக, கல்லுக்கு மெத்தை போடுவது லாபம்தான். சிக்கல், அந்த மெத்தையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் மிதிக்கவும் வேண்டும் என்பது.

காலின் தள்ளுவிசை ஒரே சீராக வருவதில்லை. பெடலைத் தாங்கும் கிராங்க் என்ற தண்டு ஒவ்வொன்றும் கீழிறங்கும்போது ஒரு உச்சம்; ஒரு சுற்றுக்கு இரண்டு உச்சங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 160 தள்ளல், அதாவது வினாடிக்கு 2.7. இனி ஷாக்கின் பக்கம் வாருங்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமிழும். ஓட்டுநர்கள் சேக் என்று சொல்லும் இதை நான் அமிழ்வு என்கிறேன். கிராஸ்-கன்ட்ரியில், சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்த அசைவில் 20 முதல் 25 சதவீதம் அமிழவிடுவது வழக்கம். எந்த ஒரு வில்லும், ஏற்றிய சுமை அதை எவ்வளவு அமிழ்த்துகிறதோ அதை வைத்தே தன் தாளத்தை வைத்துக்கொள்கிறது. சுமையின் எடை தனியே தெரிய வேண்டியதில்லை, அமிழ்வு தெரிந்தால் போதும் என்பது இயற்பியலின் அழகான சிக்கனங்களில் ஒன்று. 100 மில்லிமீட்டர் அசைவில் 25 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் அந்த வில்லின் இயல்பான துள்ளல் வினாடிக்கு ஏறக்குறைய 3.2 முறை. 120 மில்லிமீட்டரில் 30 அமிழ்ந்தால் 2.9 முறை. காற்றை வில்லாகப் பயன்படுத்தும் ஷாக் அமுங்க அமுங்க இறுகுவதால் இந்த எண்கள் கொஞ்சம் இப்படி அப்படி நகரும். ஆனால் வட்டாரம் இதுதான்.

காலின் தாளமும் வில்லின் தாளமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? ஊஞ்சல் திரும்பி வரும் சரியான கணத்தில் தள்ளிவிடுகிறவர் மாதிரி, நிமிடத்துக்கு 85, 90 சுற்று மிதிக்கும் நல்ல ஓட்டுநர் தன் சைக்கிளைத் தானே ஆட்டிவிடுகிறார். பெடல் ஆட்டம் என்று சலித்துக்கொள்கிறோமே, அதை மட்டமான தயாரிப்பின் அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. மனிதக் காலும் மனிதருக்கு வசதியான மெத்தையும் சந்திக்கும் இடத்தில் அது இருந்தே தீரும்.

இதை அடக்க இரண்டு வழிகள். ஒன்று ஷாக்குக்குள் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிழியவைத்து ஆட்டத்தைத் தணிப்பது. அல்லது ஹேண்டில்பாரில் உள்ள விசையால் ஷாக்கைப் பூட்டிவிடுவது. பூட்டினால் ஆட்டம் நிற்கும், மெத்தையும் போய்விடும். மென்மையான தார்ச்சாலை ஏற்றத்துக்கு அது சரி. வேர் நிறைந்த ஏற்றத்தில், மெத்தைக்குத் தனியாகக் கொடுத்த விலையைத் திருப்பிக் கொடுத்ததுபோல் ஆகும். இரண்டாவது வழி, செயினின் இழுப்பையே ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பிவிடுவது. இது முழுக்க ஃபிரேமின் வேலை. ஷாக்கை அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை ஃபிரேமோடு சேரும் கீல் எங்கே இருக்கிறது என்பதை மாற்றவே முடியாது. ஃபிரேம் வாங்குவது என்றால், என்னைக் கேட்டால், கீல்களின் இடத்தை வாங்குவது.

காலை அழுத்தியதும் சைக்கிள் முன்னே பாயும். ஆளின் எடை பின்னே சாயும். பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்வது போலத்தான். அதே கணத்தில் செயின் பின்சக்கரத்தை முன்னோக்கி இழுக்கிறது, தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் கீல் சரியான உயரத்தில் இருந்தால் இந்த விசைகள் சேர்ந்து அந்தக் கையைக் கீழ்நோக்கி விரிக்கப் பார்க்கும். அமுக்கும் விசையும் விரிக்கும் விசையும் சமமானால் 100 சதவீதம். இதைத்தான் ஆன்டி-ஸ்குவாட் என்கிறார்கள். கிராஸ்-கன்ட்ரி ஃபிரேம்கள் பெரும்பாலும் அமிழ்வு நிலையில் இந்த எண்ணை ஒட்டியே அமைக்கப்படுகின்றன.

அப்படியானால் 150 சதவீதம் வைத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. கீலை மேலே ஏற்ற ஏற்ற, சக்கரம் அமுங்கும்போது அதன் அச்சுக்கும் கிராங்குக்கும் உள்ள தொலைவு கூடுகிறது. செயின் நீளாது, எனவே அது கிராங்கைப் பின்னோக்கி இழுக்கும். கல்லின் மேல் ஏறும் அதே நொடியில் பெடல் பாதத்துக்கு எதிராகத் திமிறும். பலமாக மிதிக்கும்போது செயின் விறைத்து நின்று, சஸ்பென்ஷன் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவிடாமலும் தடுக்கும். காலுக்குக் கொடுத்ததெல்லாம் கல்லிடமிருந்து பிடுங்கியதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆன்டி-ஸ்குவாட் ஈடுகட்டுவது வேகமெடுப்பதால் வரும் சாய்வை மட்டும்தான். எழுந்து நின்று உடம்பையே மேலும் கீழுமாகக் குதிக்கவிட்டால் எந்த ஃபிரேமும் கூடச் சேர்ந்து குதிக்கும்.

இந்தக் கணக்கில் முன்பல்சக்கரமும் அடக்கம். செயின் எந்தக் கோட்டில் இழுக்கிறது என்பதை அதன் பற்களின் எண்ணிக்கை மாற்றிவிடும். ஒருமுறை செங்குத்தான ஏற்றங்களுக்காக 34 பல்லை எடுத்துவிட்டு 30 பல் மாட்டினேன். வேர்ப் பாதையில் பாதத்தின் கீழ் பெடல் சுண்டி இழுப்பது புதிதாக வரத் தொடங்கியது. இரண்டு வாரம் ஷாக்கைக் கழற்றிக் கழற்றித் திட்டினேன். குற்றவாளி நான் மாட்டிய பல்சக்கரம். சிறிய பல்சக்கரம் ஆன்டி-ஸ்குவாட்டையும் பெடல் திமிறலையும் கூட்டும் என்பதை ஃபிரேமின் வரைபடத்தை முன்பே பார்த்திருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஃபிரேம் எத்தனை பல்லை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது?

கீல் அமைப்புகளின் பெயர்கள் பெரிய காடு. ஒற்றைக் கீல், நான்கு கை இணைப்பு, இரண்டு குட்டை இணைப்புகளில் சக்கரத்தைத் தொங்கவிடும் விபிபி, டிடபிள்யூ-லிங்க் வகைகள் என்று ஒவ்வொன்றுக்கும் பக்தர்கள் உண்டு. பின் அச்சுக்குச் சற்று முன்னே கீல் வைக்கும் ஹார்ஸ்ட் இணைப்பு, ஹார்ஸ்ட் லைட்னர் என்ற பொறியாளரின் பெயரால் வந்தது. அதன் காப்புரிமையை 1990களின் பிற்பகுதியில் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. அந்த உரிமை காலாவதியாகும்வரை வேறு பலர் கீலை அச்சுக்கு மேலே நகர்த்திவைத்தார்கள், அதற்கும் ஓர் அறிவியல் விளக்கத்தோடு. அந்த விளக்கங்களில் பொறியாளர் எழுதியது பாதி, வழக்கறிஞர் எழுதவைத்தது பாதி என்பது என் சந்தேகம். 160 மில்லிமீட்டர் அசையும் சைக்கிளில் இந்த வேறுபாடுகளை நன்றாகவே உணரலாம். 100, 120 மில்லிமீட்டருக்குள் அவை சுருங்கிவிடுகின்றன. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்.

குறைந்த அசைவு இன்னொரு தந்திரத்துக்கும் வழிவிட்டிருக்கிறது. பின்னால் ஒரு கீல் திரும்ப வேண்டிய கோணமே சில டிகிரிகள்தான் என்றால், அங்கே பேரிங் எதற்கு? கார்பன் இழையை மெல்லிய பட்டையாகச் செய்து அதையே வளையவிட்டால் போதும். 2000களின் தொடக்கத்தில் வந்த கேனண்டேல் ஸ்கால்பெல் இதைச் செய்தது. இன்று கிராஸ்-கன்ட்ரி ஃபிரேம்களில் இதுவே பெருவழக்கு. எடை குறைகிறது, தேய்ந்து ஆட வேண்டிய உறுப்புகளும் குறைகின்றன.

ஷாக்கின் தண்டு 45 மில்லிமீட்டர் அமுங்கும்போது சக்கரம் 120 மில்லிமீட்டர் நகர்ந்தால் நெம்பு விகிதம் சராசரியாக 2.67. விகிதம் கூடினால் அதே ஆளைத் தாங்க ஷாக்கில் அதிகக் காற்றழுத்தம் வேண்டும். கனமான ஓட்டுநர்கள் குறைந்த விகிதமுள்ள ஃபிரேமைத் தேடுவது நல்லது. இல்லையென்றால் ஷாக்கின் அழுத்த வரம்பை முட்டிக்கொண்டு நிற்க நேரிடும்.

ஃபிரேமின் கோணங்களை அட்டவணையில் படிக்கும்போது ஒன்றை மறக்கிறோம். அந்த எண்கள் ஆள் ஏறாத சைக்கிளுக்கு. செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னே போய்ப் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 20 மில்லிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால், இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1,150 மில்லிமீட்டர் உள்ள சைக்கிள் முழுவதும் ஒரு டிகிரி பின்னே சாய்ந்துவிடும். சீட் குழாய் படுக்கும், முன்சக்கரம் தரையை விட்டு அலையும். இதனால்தான் இவ்வகை ஃபிரேம்களில் சீட் குழாயை 75, 76 டிகிரிக்கு நிமிர்த்துகிறார்கள். முன்பக்கத்தில் நடந்தது நேர்மாறு: ஒருகாலத்தில் 70, 71 டிகிரி என்றிருந்த ஹேண்டில்பார் குழாயின் கோணம் இப்போது 66 முதல் 68க்குப் படுத்திருக்கிறது. இறக்கத்தில் அது தரும் துணிச்சல் பெரிது. மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் கொஞ்சம் சோம்பலாகத் திரும்புவது அதன் கூலி. உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் ஃபிரேமை வாங்கிவிட்டால், மேலே எழுதிய அத்தனையும் பயனற்றது.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக. எஃகு, டைட்டானியம், அலுமினியம் மூன்றின் விறைப்பையும் அடர்த்தியால் வகுத்தால் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். அலுமினியம் ஜெயிப்பது குழாயைத் தடிமனாக ஊதிக்கொள்வதால்; குறுக்களவு கூடினால் விறைப்பு மளமளவென்று ஏறும். கார்பன் இழை இந்த வரிசையில் சேராது. இழையின் திசையை அடுக்குக்கு அடுக்கு மாற்றி, பக்கவாட்டில் விறைப்பாகவும் பின்னால் வளையும்படியும் ஒரே துண்டில் செய்யலாம். நல்ல அலுமினிய ஃபிரேமோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ அளவுக்கு எடையும் குறையலாம். அந்த ஒரு கிலோவின் மதிப்பு 12 வினாடி என்று மேலேயே பார்த்துவிட்டோம். கொடுக்கப்போகும் பணத்தை அதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேமின் முக்கோணத்துக்குள் தண்ணீர் பாட்டில் எத்தனை நிற்கும் என்பதையும் பாருங்கள். ஷாக் படுத்திருக்கிறதா நிற்கிறதா என்பதே அதைத் தீர்மானிக்கும், நீண்ட ஓட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

சீட்டை அழுத்துவதற்குப் பதிலாக இதைச் செய்யலாம். முதலில் உங்கள் எடைக்கேற்ப அமிழ்வைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை அடிவரை தள்ளிவைத்துவிட்டு, மெதுவாக ஏறி உட்கார்ந்து, சமமான ஓர் ஏற்றத்தில் வழக்கமான தாளத்தில் இரண்டு நிமிடம் மிதியுங்கள். அலுங்காமல் இறங்கி, வளையம் அமிழ்வுக் கோட்டைத் தாண்டி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு வளையத்தைத் திரும்ப அடிக்குத் தள்ளி, வேரும் கல்லும் உள்ள ஏற்றத்தில் அதையே செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் கொஞ்சமாகவும் இரண்டாவதில் தாராளமாகவும் நகர்ந்திருந்தால், அந்த ஃபிரேமின் கீல்கள் உங்கள் காலோடு ஒத்துப்போகின்றன. இரண்டிலும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் அடுத்த சைக்கிளை எடுத்துப் பாருங்கள்.