தொடை எலும்பு முறிவு: முதல்வர் காப்பீட்டில் எப்படிச் சேர்வது, எதைக் கவனிப்பது

பாத்ரூமில் வழுக்கி விழும் அப்பத்தாவுக்கும் ரிங் ரோட்டில் பைக்கோடு விழும் பேரனுக்கும் உடைவது அதே தொடை எலும்புதான். ஆனால் சிகிச்சையும் வேறு, அரசுப் பணம் வரும் வழியும் வேறு.

பேரனுக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. வீட்டில் விழுந்த அப்பத்தாவுக்கு இது பொருந்தாது. அவருக்கு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம்தான் வழி: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் கொடுத்துப் பதியலாம். அட்டை இல்லையே என்று மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டாம், அங்கே சிகிச்சை எப்படியும் இலவசம். அட்டையைக் கேட்பது, செலவை மருத்துவமனை காப்பீட்டிலிருந்து பெறுவதற்காக.

இனி, பலரும் கவனிக்காத விஷயம்: கேஸ் ஷீட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது. ‘தொடை எலும்பு முறிவு’ என்று மட்டும் இருந்தால் போதாது. நோய்களுக்குக் குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் இதற்குப் பொதுக் குறியீடு எஸ்72. இடுப்பை ஒட்டிய, எலும்பின் கழுத்துப் பகுதி எஸ்72.0, அதற்குக் கீழே உள்ள முண்டுப் பகுதி எஸ்72.1, நடுத்தண்டு எஸ்72.3, முழங்காலை ஒட்டிய கீழ்முனை எஸ்72.4. எலும்பு பலமிழந்து தானாக முறிந்திருந்தால் எஸ் வரிசையே கிடையாது, எம்80. எந்தக் கால், தோல் கிழிந்ததா, எப்படி அடிபட்டது என்பதும் பதிவாக வேண்டும்.

இடம் மாறினால் ஆபரேஷனும் மாறும். எலும்பின் கழுத்தில் முறிந்து விலகினால், இடுப்புக் குழிக்குள் பொருந்தும் பந்துப் பகுதிக்குப் போகும் ரத்தம் தடைபடும். அதனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் பந்தை மாற்றிவிடுவார்கள். நடுத்தண்டில் முறிந்தால் உள்ளே கம்பி செலுத்துவார்கள். அந்த முறிவில் வெளியே தெரியாமலே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இழக்க நேரலாம். ஆட்டோவில் மடக்கிப் போட்டுக் கொண்டுபோகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் கழுத்து முறிவு சில நேரம் தெரியாது. கால் ஊன்ற முடியவில்லை என்றால் ஸ்கேன் கேளுங்கள். பாட்டிக்குக் கட்டுப் போட்டால் போதும் என்று நாட்டு வைத்தியசாலையில் நாட்களைக் கடத்துவதுதான் எனக்கு ஆற்றாமை. படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் வரும். முடிந்தவரை இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் முடிவது நல்லது.

காப்பீட்டில் ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். நோய்ப் பெயரும் எக்ஸ்ரேயும் காப்பீட்டில் கேட்கும் சிகிச்சைப் பேக்கேஜும் பொருந்தாவிட்டால் கேள்வி எழும், அனுமதி தாமதமாகும். ரேஷன் கார்டில் அப்பத்தாவின் பெயர் இல்லாவிட்டாலும் சிக்கல்தான். தனியார் மருத்துவமனையில் சேர்க்கும் முன், எலும்பு சிகிச்சைக்கு அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993-இல் கேட்டுக்கொள்ளலாம். சாலை விபத்து என்றால் விபத்துப் பதிவேட்டின் நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரப்படுத்துங்கள், இழப்பீட்டு வழக்குக்கு இரண்டும் தேவை.