கிராவல் பைக்: ஜல்லி வேண்டாம், சரள் இருக்கிறது

‘ஜல்லிச்சாலை மிதிவண்டி.’ தார் போடாத பாதையில் ஓட்டுவதற்கென்றே அகல டயரோடு வரும் சைக்கிளான கிராவல் பைக்குக்கு இந்தப் பெயர் இப்போது பரவலாகப் புழங்குகிறது. வெளிநாட்டுப் பந்தயச் செய்தியில் வருகிறது, கடை விளம்பரத்தில் வருகிறது, திருநெல்வேலிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு அழைக்கும் அறிவிப்பிலும் வந்துவிட்டது. தவறான பெயர். அதை நம்பி டயர் வாங்குகிறவருக்குப் பணமும் போகும், தோலும் கிழியும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கிராவல்’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ‘கிராவ்’ என்றால் மணல், கடற்கரை. அதன் சிறுமை வடிவம்தான் இது. வேர் கெல்ட்டிக் மொழி என்பார்கள். ஆறும் கடலும் ஒதுக்கிய பொடிக்கல்தான் அதன் முதற்பொருள். சம்மட்டியால் உடைத்த கல் அந்த வேரில் இல்லை. சைக்கிளுக்குப் பெயரானது அமெரிக்காவின் நடுப்பகுதியில். கன்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006இல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் அதைப் பரப்பியது. 2022இல் இத்தாலியில் முதல் உலகப் போட்டியே நடந்தது.

இனி ஜல்லிக்கு வருவோம். கருங்கல்லைக் கிரஷரில் உடைத்துச் சலித்து அளவு பிரித்தது ஜல்லி. வீடு கட்டுகிற எவரைக் கேட்டாலும் முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்று அங்குலக் கணக்கில் சொல்வார்கள்: முக்கால் என்பது 20 மி.மீ., ஒன்றரை என்பது 40 மி.மீ. எல்லாப் பக்கமும் கூர்முனை. ஒரே அளவாகச் சலித்ததால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண்ணோ பொடியோ கிடையாது. கான்கிரீட்டில் அந்த இடைவெளிக்குள் சிமெண்டும் மணலும் இறங்கிப் பிடித்துக்கொள்கின்றன. சைக்கிளுக்கு அந்த இடைவெளிதான் எமன். டயர் ஏறியதும் கல் உருண்டு விலகும், முன்சக்கரம் திசை மாறும், கூர்முனை டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் முள் குத்திய துளையை மூடும். பக்கச்சுவர்க் கிழிசலை மூடாது.

தார் போடுவதற்கு முன் ஜல்லி பரப்பிப் பாதியில் நின்றுபோன கப்பி ரோடு நம் ஊர்களில் உண்டு. அதில் கிராவல் பைக்கை ஓட்டிப் பார்த்தவர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். ஓட்ட முடியாத தரையின் பெயரை அந்த வண்டிக்கே வைத்திருக்கிறோம்.

இந்த வண்டிக்கு உரிய தரையைத் திருநெல்வேலிச் சீமையில் சரள் என்கிறோம். சரள் மண், சரள் அடிச்ச ரோடு, சரள் காடு. எழுத்தில் சரள், சரல், சரளை என்று மூன்று விதமாகவும் வரும், பொருள் ஒன்று. பாறை சிதைந்து மண்ணோடு கலந்து கிடப்பது. பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுவரை கல், நடுவே செம்மண். டிப்பரில் கொண்டுவந்து தட்டி, பரத்தி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் மண் கல்லைப் பிடித்துக் கெட்டியாகும். மேலே மட்டும் ஒரு விரற்கடை உதிரியாகக் கிடக்கும். கெட்டித் தரைக்கு மேல் மெல்லிய உதிரிக்கல் என்ற இந்த அமைப்புக்காகத்தான் கிராவல் பைக்கின் ஒவ்வொரு உறுப்பும் தீர்மானிக்கப்பட்டது. கீழ் வளைந்த கைப்பிடி, டிஸ்க் பிரேக், 38 முதல் 50 மி.மீ. வரை அகலமான டயர். 75 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் முன்னால் 32, பின்னால் 35 பி.எஸ்.ஐ. காற்று வைத்தால் சரளுக்குச் சரியாக இருக்கும். ட்யூப் போட்ட டயரென்றால் 5 கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் இடிக்கும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டைக் கீறலாகக் கிழியும். ஜல்லி என்று நினைத்துக்கொண்டவர் பயந்து 60 அடிப்பார். சரளில் அது துள்ளும், வளைவில் பிடிக்காமல் வழுக்கும்.

‘பரல்’ என்று எழுத வேண்டும் என்பது இன்னொரு கட்சி. அழகான சொல், மறுக்கவில்லை. பாலைத்திணைப் பாட்டுகளில் வெயில் காய்ந்த பரல் வழி அடிக்கடி வரும். பரற்கல் நிறைந்த மேட்டு நிலத்துக்கு ‘முரம்பு’ என்ற பெயரும் உண்டு. ஆனால் சிலம்புக்குள் இடும் மணிக்கும் பரல் என்றுதான் பெயர். லாரி ஓட்டுநரும் ரோடு போடும் மேஸ்திரியும் இன்றைக்கும் வாயில் வைத்திருக்கும் சரள் இருக்கும்போது, ஏட்டிலிருந்து இன்னொன்றை எழுப்பிக் கொண்டுவரத் தேவையில்லை. உயிரோடு இருக்கும் தமிழ்ச்சொல்லைப் பயன்படுத்துவதே தூய்மை. ‘கரடுமுரடுப் பாதை மிதிவண்டி’ என்பதும் ஆகாது. அது மலைப்பாதைச் சைக்கிளைக் குறிக்கும். முன்சக்கரம் மாட்டும் கவையில் சஸ்பென்ஷனும் 55 மி.மீ.க்கு மேற்பட்ட டயரும் உள்ள வேறு சாதி அது.

ஒலிபெயர்த்துக் ‘கிராவல் பைக்’ என்றே விடலாமே என்பவர்களுக்கு: கிராவல் பாதகமில்லை, குவாரிக்காரர்கள் ‘ஒரு யூனிட் கிராவல்’ என்று சொல்லத்தான் செய்கிறார்கள். பைக்தான் இடிக்கிறது. தமிழில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். ‘80 கி.மீ. கிராவல் பைக் பயணம்’ என்று படிப்பவர் பெட்ரோல் கணக்குப் போடுவார். சரள்சைக்கிள் என்றால் குழப்பமில்லை. மிதிவண்டிதான் வேண்டும் என்பவர் சரள் மிதிவண்டி என்று எழுதட்டும்.

ஜல்லிச்சாலை என்று பெயர்த்த இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் பிரிட்டன் சவாரிக் கட்டுரைகளில் ‘மூர்லாண்ட்’ வந்தால் சதுப்பு நிலம் என்று போட்டுவிடுகிறார்கள். யார்க்‌ஷயரிலும் டார்ட்மூரிலும் இருப்பது உயரமான, மரமற்ற, ஹெதர் புதர் படர்ந்த மேட்டு வெளி. அடியில் ஈரமான கரிமண் இருக்கும், சில இடம் புதையும். அதற்காக முழுவதும் சதுப்பாகிவிடாது. சதுப்பில் யாராவது சைக்கிள் ஓட்டுவார்களா என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். மலைப் புதர்வெளி என்பது போதும். அங்குள்ள ‘பிரைடில்வே’ கடிவாளம் பிடித்துக் குதிரை போகும் வழி. குதிரைத்தடம் என்று எழுதலாம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் அதில் சைக்கிளுக்கும் உரிமை உண்டு, நடைபாதையில் இல்லை. இரண்டையும் ‘ஒற்றையடிப் பாதை’ என்று ஒரே சொல்லில் அடைத்தால் அந்த வேறுபாடு போய்விடும்.

திருநெல்வேலிப் பக்கத்துத் தடங்களை விவரிக்கும்போதும் தரையைப் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்குப் போகும் வழிகள் நல்ல சரள். இறக்கை ஏற்றிய நீள லாரி போக வேண்டுமென்று கெட்டிக்கப்பட்டவை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளும், அது தனிக் கவலை. மணிமுத்தாறு 80 அடி கால்வாய்க் கரையும் கன்னடியன் கால்வாய்க் கரையும் சரளும் மண்ணும் கலந்தவை; ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் பகுதி இளகும். உடைமுள் எங்கும் கிடக்கும், ஆகவே டயருக்கு 60 மி.லி.க்குக் குறையாமல் அடைப்புத் திரவம். நம் வெயிலுக்கு இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், திறந்து பார்க்க வேண்டும். கயத்தாறுக்கு வடக்கே கரிசல். நனைந்தால் டயருக்கும் கவைக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். சாத்தான்குளத்துக்குக் கிழக்கே தேரி; செம்மணல், 50 மி.மீ. டயரும் புதையும். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகும் தடத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தார், கப்பி, சரள், கரிசல், தேரி என்று ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை கி.மீ. என்று அறிவிப்பில் போட்டுவிட்டால், எந்த டயர் மாட்டலாம் என்று யாரும் போன் பண்ணிக் கேட்க வேண்டியிருக்காது.