எல்லா உப்புசமும் 'கேஸ்' இல்லை

"வயிறு கும்முனு இருக்கு, கேஸ்தான்னு நெனைக்கேன்." திருநெல்வேலிப் பக்கம் வயிற்றுவலிக்காரர்கள் பெரும்பாலும் நோயின் பெயரையும் சேர்த்தே கொண்டு வருவார்கள். வரும் வழியில் ஒரு சோடாவும் ஆகியிருக்கும். சோடா குடித்ததும் வரும் ஏப்பம் பெரும்பாலும் அந்தச் சோடாவில் இருந்த வாயுதான். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சாப்பாட்டால் வரும் உப்புசம் உடனே தெரியாது. மொச்சை, கொண்டைக்கடலை, வெங்காயத்தில் உள்ள சில சர்க்கரைப் பொருள்கள் சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவால் புளிக்கும்போதுதான் வாயு உண்டாகும். மத்தியானம் சாப்பிட்டது சாயங்காலம் உப்பும். பழி அப்போது குடித்த காபி மேல் விழும். பயறை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். பால் மேல் சந்தேகம் என்றால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மறுபடி குடித்துப் பாருங்கள். 200 மில்லி பாலில், சிலருக்குச் செரிக்காத லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சுமார் 10 கிராம் இருக்கிறது. தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வரும் மேல்வயிற்று எரிச்சலைத் தனியாகப் பார்க்க வேண்டும். மடியில் தட்டோடு நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் இடுப்பு கடுக்கும். கணக்கு முடியட்டும் என்று காலைச் சாப்பாடு தள்ளிப்போகும். நடுவில் மருந்துக்கடை வலி மாத்திரை. டைக்ளோபினாக் போன்றவை இரைப்பையின் உட்சுவருக்கு உள்ள பாதுகாப்பைக் குறைத்துப் புண்ணாக்கும். ரத்தத்தில் கலந்தும் இதைச் செய்வதால், சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையை எரியும்போது போட்டால் உடனே கேட்காது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். மலம் தார் மாதிரி கறுத்து ஒட்டினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி, ஒரு நாளுக்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். விளக்கெண்ணெய் கொடுத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்கோ தோளுக்கோ பரவினால் பித்தப்பைக் கல்லைத் தேட வேண்டும். மேல்வயிறு அடைத்து வியர்த்துக் கொட்டினால், அதுவும் சர்க்கரை நோய் உள்ளவருக்கு என்றால், மாரடைப்பாக இருக்கலாம்; முதல் வேலை ஈசிஜி.

50 வயது தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக உப்புசம் வந்து, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து, மாதத்தில் 12 தடவைக்கு மேல் இப்படி இருந்தால் சினைப்பைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்; கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு, சினைப்பைக்கான ஸ்கேனும் அந்தப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.