உட்கவர்தலும் உமிழ்தலும்: ஒரு சொல் விளக்கம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, ஒளியைப் பிரித்தால் தெரியும் ஸ்பெக்ட்ரம் என்பது தமிழில் நிறமாலையாகவும் மலையாளத்தில் வர்ணராஜியாகவும் வந்து சேர்கிறது. மலையாளப் பேச்சில் ராஜி என்றால் பதவி விலகல் என்பதால், யார் ராஜி வைத்தது என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த ராஜி வரிசை என்று பொருள்படும் வடசொல். நிறங்களின் வரிசை, நிறங்களின் மாலை என்று இரு மொழிகளும் ஏறத்தாழ ஒரே வழியில் சிந்தித்திருக்கின்றன.

மூலச்சொல்லில் நிறமும் இல்லை, மாலையும் இல்லை. இலத்தீனில் ஸ்பெக்ட்ரம் என்றால் தோற்றம், உருவெளி. பட்டகத்தின் வழியே சுவரில் விழுந்த வண்ணப் பட்டைக்கு நியூட்டன் 1672இல் அச்சான தம் கட்டுரையில் இப்பெயரை வழங்கினார். ஸ்பெக்ட்ரத்தை ஆராயும் துறையான ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியில் பின்னால் ஒட்டிக்கொண்ட ஸ்கோப்பி, பார்த்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

வேதிப் பகுப்பாய்வில் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் எமிஷன், அப்சார்ப்ஷன் என்ற இரண்டு அடைகளில்தான் விளக்கம் வேண்டியிருக்கிறது. உப்புப் போட்ட கஞ்சி பொங்கி வழிந்து கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் விழுந்தால், சுடர் சட்டென்று மஞ்சளாகிறது. உப்பிலுள்ள சோடிய அணு வெப்பத்திலிருந்து ஆற்றலை வாங்கி, உயர்ந்த நிலைக்குப் போய், மறுகணமே அதை 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளியாகத் திருப்பித் தருவதே அந்த மஞ்சள். இந்த எமிஷனுக்கு உமிழ்தல் என்ற சொல் மிகப் பொருந்துகிறது, ஏனெனில் உள்ளே போகாத எதையும் உமிழ முடியாது. இலங்கைத் தமிழில் வழங்கும் காலல் என்பதும், நகரி, சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் வழங்கும் உத்காரம் என்பதும் கக்குதல் என்ற அதே பொருளில்தான் நிற்கின்றன. ஜெர்மானிய அறிவியலாளர்கள் புன்சனும் கிர்க்காஃபும் இவ்வாறு உமிழப்பட்ட கோடுகளை வைத்தே 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் கண்டறிந்தார்கள்.

அப்சார்ப்ஷன் என்பதை உறிஞ்சல் என்று எழுதுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பஞ்சு கிடைத்த நீரையெல்லாம் உறிஞ்சும். அணுவோ தனக்குரிய அலைநீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் போகவிடுகிறது. ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்ற குறளில் கவர்தல் என்பது பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து கொள்வதாக நிற்கிறது; அதனால் உள் என்ற முன்னொட்டுடன் சேர்ந்த உட்கவர்தல் அணுவின் செயலைச் சரியாகச் சொல்கிறது. மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் அட்சார்ப்ஷனைப் பரப்புக் கவர்தல் என்று பிரித்துக் காட்டவும் இது வசதியாக இருக்கிறது.

இயற்பியலாளர் ஆலன் வால்ஷ் 1955இல் முன்வைத்த அணு உட்கவர் முறை முழுதும் இந்தத் தேர்வையே நம்பியிருக்கிறது. கிணற்று நீரில் துத்தநாகம் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், துத்தநாகத்தாலேயே செய்த எதிர்மின்வாய் (கேத்தோடு) உள்ள விளக்கை ஏற்றி, அதன் ஒளியை நீர் தெளிக்கப்பட்ட காற்று–அசிட்டிலீன் சுடரின் குறுக்கே செலுத்துகிறார்கள். சுடரின் வேலை உப்பைத் தனி அணுக்களாக உடைப்பது மட்டுமே. அணுக்களில் பெரும்பாலானவை கிளர்ச்சியுறாத தாழ்நிலையிலேயே இருந்து, விளக்கொளியில் தமக்குரியதைக் கவர்ந்துகொள்ள, குறைந்த ஒளியின் அளவிலிருந்து துத்தநாகத்தின் செறிவு கணிக்கப்படுகிறது. சூரிய ஒளியில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் 1814இல் பதிவுசெய்த கருங்கோடுகளும் பெரும்பாலும் இத்தகைய கவர்தலின் தடங்களே.

நிறமாலை என்ற சொல்லில் ஒரு குறை உண்டு. துத்தநாகத்தின் 213.9, காரீயத்தின் 217.0 நானோமீட்டர் கோடுகள் புற ஊதாவில் கிடக்கின்றன. கண்ணுக்கு அவற்றில் நிறமே இல்லை. அதனால் அலைமாலை என்று மாற்றலாம் என்பார் உண்டு, அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் பள்ளியில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவதைவிட அதன் பொருளை விரித்துக்கொள்வதே எளிது.

ஆகவே அணு உமிழ் நிறமாலையியல், அணு உட்கவர் நிறமாலையியல் என்று எழுதலாம். கோடுகளைப் பார்க்க மட்டும் உதவும் கருவி நிறமாலைக்காட்டி. அளந்து எண்ணாகத் தருவது நிறமாலைமானி. மண் பரிசோதனையில் பொட்டாசியம் பார்க்கும் ஃபிளேம் போட்டோமீட்டர் சுடர் ஒளிமானி.