ஹீமாட்டோகிரிட்: வலையில் அள்ளிய மீனின் இரத்தக் கணக்கு

டெங்கு வந்த வீட்டில் பிளேட்லெட்டுக்கு அடுத்தபடியாகக் காதில் விழும் சொல் ஹீமாட்டோகிரிட். ஆய்வக அறிக்கையில் பி.சி.வி. என்றும் இருக்கும். இரத்தத்தின் மொத்தக் கன அளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. தங்கமீன், கோய் கெண்டை போன்ற அலங்கார மீன்களுக்கும் இதைப் பார்க்கிறார்கள். வால் பக்கத்துச் சிரையில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, மெல்லிய குழாயில் விட்டு வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும்.

கிரேக்கத்தில் ‘ஹைமா’ என்றால் இரத்தம். ‘கிரினைன்’ என்றால் பிரித்தல், பகுத்தறிதல். சுவீடன் உடலியல் அறிஞர் ஸ்வென் ஹெடின் (மத்திய ஆசியாவைச் சுற்றிவந்த பயணி ஹெடின் வேறு) 1891இல் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் கருவியை இந்தப் பெயரில் அறிமுகப்படுத்தினார். கருவியின் பெயரே பிறகு அளவுக்கும் ஆகிவந்தது.

தமிழில் ‘சிவப்பணுக் கன அளவு விகிதம்’ என்பதே சரி. நீளமாக இருக்கிறதே என்று ‘கன அளவை’ விட்டுவிடக் கூடாது. ஏன் என்பதை மீனிடம் பார்க்கலாம்.

மீனை வலையில் அள்ளி, காற்றில் தூக்கி, பைக்கு மாற்றும்போது அதன் உடலில் அட்ரினலின் பாய்கிறது. மண்ணீரல் சுருங்கி, தேக்கிவைத்த சிவப்பணுக்களை வெளியே தள்ளுகிறது. பல மீன்களில் அணுக்களும் நீரை வாங்கி உப்புகின்றன. இப்படி உப்பும்போது எண்ணிக்கை கூடாமலேயே கன அளவு கூடிவிடும்! உயர்ந்த விகிதத்தைப் பார்த்து மீன் திடமாக இருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அது மீனின் பதற்றம். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்து அளக்க வேண்டும். விகிதம் ஏறிய அளவுக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் அணுக்கள் ஊதியிருக்கலாம்.

அப்புறம் கார்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும், இரத்தச் சர்க்கரை கூடும், நோயை எதிர்க்கும் லிம்போசைட் அணுக்கள் குறையும். வாங்கி வந்த சில நாளில் மீனுக்கு வெண்புள்ளி நோய் தொற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நன்னீர் மீனுக்குச் செவுள் வழியே உப்பும் வெளியேறுகிறது. பயணத் தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு சேர்ப்பது அதை ஈடுகட்டத்தான். சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளிலிருந்து பையில் கிளம்பும் மீன்களுக்கு இந்தக் கவனிப்பு அவசியம்.

பரிசோதிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை: மீனைப் பிடித்து எத்தனை நிமிடத்தில் இரத்தம் எடுத்தீர்கள் என்பதையும் விகிதத்தின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.