தலைவர்கள் ஏறும் விமானத்தைக் காப்பது எது?

1994 ஏப்ரல் 6, இரவு. ருவாண்டா அதிபர் ஹப்யாரிமானாவும் புருண்டி அதிபர் என்டாரியாமிராவும் வந்த ஃபால்கன் 50 விமானம் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து பாய்ந்த ஏவுகணை தாக்க, விமானம் ஹப்யாரிமானாவின் மாளிகைத் தோட்டத்திலேயே விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதைத் தொடர்ந்து மூண்ட இனப்படுகொலையில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ஏவியது யார் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஒரு தலைவரின் விமானத்துக்கு எதற்கு இத்தனை பாதுகாப்பு என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரவுதான்.

இத்தகைய விமானம் என்றதும் படுக்கையறையும் கூட்ட அறையும்தான் பலருக்கும் கண்முன் வரும். அமெரிக்க அதிபருக்காக 1990 முதல் பறக்கும் இரண்டு போயிங் 747 விமானங்களில் அவையெல்லாம் உண்டு. பறந்தபடியே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் எனக்கு அவற்றைவிடப் பெரிய வியப்பு, ஏவுகணையை ஏமாற்றும் சின்னஞ்சிறு லேசர் கருவிதான். இந்தியாவுக்கு 2020இல் வந்த இரண்டு போயிங் 777 விமானங்களிலும் இது இருக்கிறது. அந்த இரண்டுக்குமான தற்காப்புக் கருவிகளை விற்க 2019 பிப்ரவரியில் அமெரிக்கா ஒப்புதல் தந்தபோது சொன்ன மதிப்பு 19 கோடி டாலர்.

தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகளில் பெரும்பாலானவை வெப்பத்தைத் தேடிப் போகிறவை. அவை பொதுவாக 4 கிலோமீட்டர் உயரம்வரைதான் எட்டும். 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது கவலை இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து. அந்த நேரத்தில் ஏவினால், தாக்கச் சில விநாடிகள் போதும். விமானி பார்த்துச் சுதாரிக்க நேரமில்லை, எல்லாமே தானாக நடந்தாக வேண்டும்.

முதலில் ஏவுகணை கிளம்பியதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு விமானத்தின் உடலைச் சுற்றிலும் சென்சார்கள் இருக்கும். அவற்றில் ஒரு வகை புற ஊதா ஒளியை மட்டும் பார்க்கும். சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை ஓசோன் படலம் முழுதாக உறிஞ்சிவிடுகிறது. அதனால் அந்த அலைநீளத்தில் பார்க்கும் கண்ணுக்கு நடுப்பகலிலும் வானம் இருட்டுதான். அந்த இருட்டில் ஏவுகணையின் பின்னால் எரியும் நெருப்பு தனியாகப் பளிச்சென்று தெரியும். புதிய சென்சார்கள் அகச்சிவப்பில் இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டு இதே வேலையைச் செய்கின்றன.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? பழைய வகை ஏவுகணையின் மூக்கில், கோடுகள் போட்ட ஒரு வட்டத் தகடு சுழலும். எஞ்சினின் வெப்பம் அதன் வழியாக விட்டு விட்டு உள்ளே விழும். அந்தத் துடிப்பின் தாளத்தை வைத்துத்தான் இலக்கு நடுவில் இருக்கிறதா, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று ஏவுகணை கணக்கிடுகிறது. விமானத்தின் லேசர் நேராக அந்த மூக்கைக் குறிவைத்து, அதே மாதிரியான துடிப்புகளை இன்னும் பலமாக அனுப்புகிறது. உண்மையான தாளத்தோடு பொய்த்தாளம் கலந்ததும் கணக்கு பிசகுகிறது. இலக்கு இன்னொரு பக்கம் போய்விட்டதாக நம்பி ஏவுகணை திரும்பிப் போய்விடும். அதை வெடிக்கவைக்கவோ உருக்கவோ தேவையே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் இது ஒன்று.

ஆனால் இதெல்லாம் உதவாத இடம் ஒன்று உண்டு. 1986இல் மொசாம்பிக் அதிபர் சமோரா மாஷெலின் விமானம் மலையில் மோதியது. 2004இல் மாசிடோனிய அதிபரின் விமானமும், 2024 மே மாதம் ஈரான் அதிபர் ரைசியின் ஹெலிகாப்டரும் மோசமான வானிலையில் மலைப்பகுதியில் விழுந்தன. இவற்றைத் தடுக்க லேசரால் ஆகாது.

2010 ஏப்ரல் 10 அன்று ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க்கில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். போலந்து அதிபர் லெக் கச்சின்ஸ்கி உட்பட 96 பேர் ஒரு டியு-154 விமானத்தில் இருந்தார்கள். கீழே அடர்ந்த மூடுபனி. விமானத்தில் இரண்டு வகை உயரமானிகள் உண்டு. ஒன்று காற்றழுத்தத்தை அளப்பது. தரைக்கு அருகே ஒவ்வொரு 8 மீட்டர் ஏற்றத்துக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறையும். ஓடுபாதையின் அழுத்தத்தை அதில் பதித்துவிட்டால், ஓடுபாதையிலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டும். இன்னொன்று ரேடியோ உயரமானி. அலையைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, நேர்கீழே இருக்கும் தரைக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும்.

ஸ்மோலென்ஸ்க் ஓடுபாதைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. விமானம் இறங்க இறங்கத் தரையும் கூடவே இறங்கியது. விமானி அறையில் உயரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேவிகேட்டர் ரேடியோ உயரமானியைப் பார்த்துச் சொன்னார். நூறு என்றார். விமானம் இறங்கிக்கொண்டே இருக்க, மறுபடியும் நூறு என்றார். கருவி பொய் சொல்லவில்லை. தரைக்கு அப்போது 100 மீட்டர்தான் இருந்தது, ஆனால் அந்தத் தரை பள்ளத்தின் தரை. பள்ளம் முடிந்து நிலம் மேலேறியபோது, விமானம் ஓடுபாதையின் மட்டத்துக்கும் கீழே இருந்தது. ஓடுபாதைக்கு சுமார் 1 கிலோமீட்டர் முன்பே மரங்களில் மோதியது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி அலறத்தான் செய்தது. ஆனால் அந்த ராணுவ விமான நிலையம் அதன் நினைவகத்தில் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் சரியாக இறங்கினாலும் அது அலறும் என்பதால், அலறலை மட்டும் வைத்து ஆபத்தைப் பிரித்தறிய முடியாது. ஒருவரும் தப்பவில்லை.

இதே அதிபர் 2008 ஆகஸ்டில், ஜார்ஜியப் போரின்போது, வேறு நாட்டுத் தலைவர்களோடு ஜார்ஜியத் தலைநகர் டிபிலிசிக்குப் புறப்பட்டிருந்தார். நேராக டிபிலிசியிலேயே இறங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆபத்து என்று சொல்லி விமானத்தின் கேப்டன் மறுத்துவிட்டார். அதிபருக்குக் கோபம். கேப்டன் அண்டை நாடான அஜர்பைஜானில் கஞ்சா (Ganja) என்ற நகரத்தில் இறக்கினார். தலைவர்கள் அங்கிருந்து காரில் டிபிலிசி போய்ச் சேர்ந்தார்கள்.