உள்ளடக்கிய கல்வி: சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி பெறுகிறவர்கள் 'உள்ளடக்கிய கல்வி' என்ற தொடரைத் தேர்வில் ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள். அரசாணைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் அது இருக்கிறது. பொருள் கேட்டால், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை மற்றக் குழந்தைகள் படிக்கும் பள்ளியிலேயே சேர்ப்பது என்று பதில் வரும். அது பாதிப் பொருள்தான். விடுபட்ட பாதி ஆசிரியரைப் பற்றியது.

'இன்குளூசிவ் எஜுகேஷன்' என்பதன் தமிழாக்கம் இது. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'உள்ளே வைத்து அடை' என்று பொருள்படும் வினை. கதவை அடைக்கிற அதே அடைத்தல்தான். கல்வித் துறையில் அது இன்றைய பொருளில் உலகெங்கும் நிலைபெற 1994 ஜூனில் ஸ்பெயினின் சலமான்கா நகரில் நடந்த மாநாடு பெருங்காரணம். யுனெஸ்கோவும் ஸ்பெயின் அரசும் கூட்டிய அந்த மாநாட்டில் 92 நாடுகளின் அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கலந்துகொண்டன. பொதுப் பள்ளி எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது என்பதோடு மாநாடு வெளியிட்ட அறிக்கை நிற்கவில்லை. பணிக்கு வரும் முன் தரும் பயிற்சியும் பணியிடைப் பயிற்சியும் இதற்கேற்ப மாற வேண்டும் என்றும் அரசுகளைக் கேட்டுக்கொண்டது. ஆகவே ஆசிரியரைத் தயார்ப்படுத்துவது இந்தச் சொல்லின் கூடவே வந்த நிபந்தனை.

அதற்கு முன் இந்தியாவில் வழங்கியது 'ஒருங்கிணைந்த கல்வி'. 1974இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்துக்கு அதுதான் பெயர். இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறவர்கள் இன்றும் பலர். ஒருங்கிணைந்த கல்வியில் குழந்தை பள்ளிக்குள் வருகிறது, பள்ளி இருந்தபடியே இருக்கிறது. ஈடுகொடுக்க வேண்டியது குழந்தையின் பாடு. உள்ளடக்கிய கல்வியில் மாற வேண்டியது பள்ளி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் வரையறை இதைத் தெளிவாகச் சொல்கிறது: மாற்றுத்திறன் உள்ள மாணவர்களும் இல்லாத மாணவர்களும் சேர்ந்து கற்பதும், கற்பித்தலும் கற்றலும் அவர்களுடைய தேவைக்குத் தக்கபடி மாற்றியமைக்கப்படுவதும் கூடினால்தான் அது உள்ளடக்கிய கல்வி. முதல் பாதி மட்டும் நிறைவேறினால் சட்டப்படியே அது அந்தப் பெயருக்கு உரியதில்லை. சைகை மொழியும் பிரெய்லும் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்த வேண்டும் என்று இதே சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஆசிரியர்களில் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும் என்று தனியே எடுத்துச் சொல்கிறது. இந்தச் சட்டத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் இது. மாற்றுத்திறனாளியை உதவி பெறுகிறவராக மட்டுமே பார்க்கும் பழக்கத்தை அது உடைக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். 'உள்ளடக்கிய' என்பது 'உள்ளடக்கு' என்னும் பிறவினையின் பெயரெச்சம். அது செயப்படுபொருளை எதிர்பார்க்கும் வினை. 'வரியை உள்ளடக்கிய விலை' என்கிறோம். எதை என்பது அங்கே இருக்கிறது. 'உள்ளடக்கிய கல்வி' என்று மொட்டையாக நிற்கும்போது 'யாரை?' என்ற கேள்வி தொக்கி நிற்கிறது. 'எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி' என்றால் தொடர் முழுமை பெறும். இன்னொரு குறை, 'அடக்கு' என்பதன் நிழல். குரலை அடக்குவதும் கூட்டத்தை அடக்குவதும் அதே சொல்தான். வகுப்பின் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை 'அடக்கமான பிள்ளை' என்று பெயர் வாங்கிவிட்டால், அதற்குக் காது கேட்கவில்லை என்பதை ஆண்டு முழுவதும் யாரும் கவனிக்காமல் போகக்கூடும்.

இதைவிடப் பொருத்தமான சொல் நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது: உளப்பாடு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', அவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்' என்று தமிழ் இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. பிறரையும் தன்னுடன் சேர்த்துச் சொல்லும் தன்மைப் பன்மையை இலக்கண உரைகள் 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்கின்றன. நன்னூல் அதைத் 'தன்னொடு படுக்கும் தன்மைப் பன்மை' என்கிறது. தன்னோடு சேர்த்துக்கொள்வது என்னும்போது, சேர்த்துக்கொள்கிறவரும் அந்தப் பன்மைக்குள் இருக்கிறார். 'அடக்கு' என்ற வினையில் இந்தப் பொருள் கிடைப்பதில்லை. இலங்கைத் தமிழில் வழங்கும் 'உட்படுத்தல் கல்வி' என்ற தொடரிலும் 'படு' என்ற இதே வேர் இருக்கிறது. அது உளப்பாட்டுக்கு நெருங்கிய உறவு.

நாம், நாங்கள் என்ற இந்த வேறுபாடு வகுப்பறையில் காதில் விழக் கூடியது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், அதாவது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பவர், பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்கிறவர். அவர் பையுடன் வாசலில் நுழையும்போது, 'உங்கள் பையன் இன்றைக்கு வந்திருக்கிறான்' என்று வகுப்பாசிரியர் சொன்னால், அந்தப் பையன் இன்னும் வகுப்பாசிரியருடைய மாணவன் ஆகவில்லை என்று பொருள். அந்த ஆசிரியரைக் குறை சொல்லி என்ன பயன்? பொது ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு தேசியக் குழுமமும், சிறப்புக் கல்விப் பயிற்சிக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமமும் தனித்தனியே பொறுப்பேற்றிருக்கின்றன. 2014 விதிமுறைகளின்படி அமைந்த இரண்டாண்டு பி.எட். படிப்பில் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றி ஒரு தாள் இருக்கிறது. ஒருங்கிணைந்த கல்விக்கும் உள்ளடக்கிய கல்விக்கும் உள்ள வேறுபாடுகளை மனப்பாடம் செய்து, பார்வையற்ற ஒரு குழந்தையுடன் ஒரு மணி நேரம்கூட இருக்காமல் அந்தத் தாளில் தேர்ச்சி பெற்றுவிட முடிகிறது. இது சரியில்லை.

அப்படி ஒரு மணி நேரம் இருந்தால் என்ன தெரியவரும்? பிரெய்ல் பலகையில் தாளைச் செருகி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போகிறாள் ஒரு சிறுமி. புள்ளிகள் தாளின் மறுபக்கம் எழும்புவதால் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட வேண்டும். எழுதியதைத் தடவிப் பார்க்கத் தாளைக் கழற்றித் திருப்ப வேண்டும். 'கொ' என்ற எழுத்துக்கு அச்சில் முன்னால் கொம்பும் பின்னால் காலும் உண்டு. பிரெய்லில் முதலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். 'கொம்பு போடு, கால் போடு' என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லும் ஆசிரியர் அவளுக்கு எதையுமே சொல்லவில்லை. இதை நேரில் பார்த்த ஆசிரியர் சொல்வதெழுதுதலில் வேகத்தைக் குறைப்பார். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவார். செவித்திறன் குறைந்த பிள்ளை இருக்கும் வகுப்பிலோ நேர்மாறாக, எழுதி முடித்துத் திரும்பி நின்ற பிறகு பேசுவார், அந்தப் பிள்ளை அவருடைய உதடுகளைப் பார்க்க வேண்டும் என்பதால். இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தால் எழுதும்போது படித்து, திரும்பி நின்று மறுபடியும் சொல்ல வேண்டியதுதான். பயிற்சி என்பது இத்தகைய நூறு சின்னப் பழக்கங்கள் கைவருவது.

வழக்கைப் பற்றிச் சில சொற்கள். 'உள்ளடக்கிய கல்வி' அரசு ஆவணங்களில் வேரூன்றிவிட்டது. அதை இப்போது மாற்றப் புறப்பட்டால் குழப்பமே மிஞ்சும். முதல்முறை எழுதும்போது 'எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி' என்று விரித்து எழுதிவிட்டால் போதும். ஆசிரியர் பயிற்சி நூல்களில் உளப்பாடு என்ற சொல்லையும் நாம், நாங்கள் வேறுபாட்டையும் சேர்த்து விளக்கலாம். 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்பது 2018இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தின் தமிழ்ப் பெயர். பெயர் ஒத்திருந்தாலும் 1974இன் ஒருங்கிணைந்த கல்வி வேறு, இது வேறு. 'சிறப்புக் கல்வி' இவற்றுக்கு மாற்றுச் சொல்லன்று. அது தனிப் பயிற்சி தேவைப்படும் ஒரு துறை, உள்ளடக்கிய பள்ளிக்கும் அந்தத் துறையின் ஆசிரியர் தேவைப்படுகிறார்.